தாயத்தும் தொல்பொருளே

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டபோது, ‘தொல்பொருள்’ என்னும் சொல்லுக்கு அது வகுத்த வரைவிலக்கணத்திலே ஒரு திகதி இடம்பெற்றது: 1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் நாள். சிலை, செதுக்கிய கல், சாசனம், ஓவியம், மட்பாண்டம், உலோக வேலைப்பாடு, நெசவு, நாணயம், மணி, முத்திரை, அணிகலன், ஆயுதம், கருவி என விரிந்து செல்லும் அந்நெடிய பட்டியலில் அடங்கும் பொருள் எதுவாயினும், அந்நாளுக்கு முந்தியதாயின் அது தொல்பொருள். பிந்தியதாயின் வெறும் பொருள். கண்டி இராச்சியம் பிரித்தானியருக்குக் கையளிக்கப்பட்ட ஒப்பந்தத்தின் திகதியே அது. கம்பளைக்கு அண்மையில் சிங்காபிட்டியவிலே முதலாவது கோப்பித் தோட்டம் திறக்கப்பட்டதோ 1820களில். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து சென்றோர் நினைவுகூர்ந்த இருநூறு ஆண்டுகளும் அவ்வரைவிலக்கணத்தின் எல்லைக்கு இப்பாலேயே விழுகின்றன. ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறு தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே தொல்பொருளின் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

சட்டத்தை இயற்றியோர் மலையகத் தமிழரை மனத்திற்கொண்டே இத்திகதியைத் தேர்ந்தனர் என்று கூறுவது மிகையாகும். அவர்களை நினைக்கவே இல்லை என்பதே பொருத்தம். பிற்காலக் கட்டடங்களைத் தனி அறிவித்தலின் மூலம் பாதுகாப்பதற்கு வழி உண்டு என்பதும், சட்டம் பின்னர் திருத்தப்பட்டது என்பதும் உண்மையே. ஆயினும் சட்டத்திற் போடப்பட்ட கோடு ஆய்வாளர் மனத்திலும் விழுந்துவிட்டது. அன்றேல், 1894இல் எழுந்த நுவரெலியாத் தபாலகத்தின் செங்கற் சுவர்களை விடுதியாக்க முற்பட்டபோது 2023இல் நாடெங்கும் எழுந்த மரபுரிமைக் குரலில் ஒரு சிறு பங்கேனும், அதே காலத்தில் அதே மலைகளில் நட்டு வணங்கப்பட்ட கற்களுக்காக எழுந்திருத்தல் வேண்டும். துரைமார் கடிதம் அனுப்பிய கட்டடம் மரபுரிமை. அத்துரைமாரின் தொழிற்சாலைச் சில்லுக்கு அஞ்சியோர் நட்ட கல் மூடநம்பிக்கை. இப்பாகுபாடு எந்த விஞ்ஞான முறையின்பாற்பட்டது என்பதைத் தொல்லியல் பயில்வோரும் பயிற்றுவோரும் விளக்கக் கடமைப்பட்டுள்ளனர்.

அக்கற்கள் யாவை என்பதை முதலில் நோக்குதல் தகும். அட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, இராகலை எனத் தொடரும் தோட்டங்களிலே, கோபுரமும் கொடிமரமும் கொண்ட மாரியம்மன் கோயில்களுக்கு அப்பால், மரத்தடியிலும் மலைச்சரிவிலும் தொழிற்சாலை வாயிலிலும் உருவமற்ற அல்லது அரையுருவம் பெற்ற தெய்வங்கள் உறைகின்றன. தேயிலைத் தொழிற்சாலையை ‘இஸ்டோரு’ என்றழைக்கும் மக்கள், அதனைக் காக்கும் தெய்வத்துக்கு ரோதைமுனி என்று பெயரிட்டனர். ‘ரோதை’ போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். சில்லு என்பது பொருள். தொடக்ககாலத் தொழிற்சாலைகள் பல நீர்வலுவினாலே சுழன்ற பெருஞ்சில்லுகளைக் கொண்டு இயங்கின. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம், மதுரை எனப் பல பகுதிகளிலிருந்து வந்த அம்மக்கள், தம் ஊரில் முனியை அறிந்திருந்தது ஏரிக்கரையிலும் ஊரெல்லையிலும் ஒற்றைப் பனையடியிலுமே. நீராவியும் தோற்பட்டையும் பற்சில்லும் அந்த முனிக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைக் காக்கும் பொறுப்பு, அறிந்த தெய்வத்தின் தலையில் சுமத்தப்பட்டது. கை சிக்கினால் கையையும், சேலைத் தலைப்புச் சிக்கினால் ஆளையும் இழுத்துக்கொள்ளும் சில்லின் முன்னே சேவல் அறுக்கப்பட்டது. சில்லுக்கு வேண்டிய இரத்தம் சேவலின் இரத்தமாகட்டும் என்பதே வேண்டுதல்.

இதனை இந்தியத் தொழிற்சாலைகளில் நிகழும் ஆயுதபூசையோடு ஒன்றாக்கிப் பேசுவோருளர். அது பொருந்தாது. ஆயுதபூசையிலே கருவி வணங்கப்படுகின்றது. அது உழைப்பவன் கைக்குரியது, அவனுக்கு வாழ்வு தருவது. ரோதையோ உழைப்பவனுக்குரியதன்று. அதற்குள் இருப்பவன் பசித்தவன். அவனைத் தணிக்க வேண்டும். கருவிக்கும் உழைப்பவனுக்கும் உள்ள உறவு மாறியபோது சடங்கின் பொருளும் மாறிற்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று மலையகத்தில் வேறில்லை எனலாம். கவ்வாத்து வெட்டத் தொடங்கும் நாளிலே கத்திகளை முன்வைத்து வணங்கப்படும் கவ்வாத்துசாமியும், முதற்கொழுந்து படைக்கப்படும் கொழுந்துசாமியும் இவ்வகையினவே. இளமாணிப் பரீட்சை வினாத்தாளில் கவ்வாத்துசாமி பற்றி ஐந்து புள்ளிக்கு ஒரு வினா வந்தாற்கூட மண்டபமே திகைத்துப்போகும் என்பது வேறு விடயம்.

தெய்வங்களோடு இப்பட்டியல் முடிவதில்லை. லயத்து அறையிலே பிறந்த குழந்தையின் கையில் வசம்புத் துண்டும் கறுப்பு வளையலும் ஏறுகின்றன. உலர்ந்த தொப்புள்கொடி தாயத்துக் குழாயினுள் அடைக்கப்பட்டு அரைஞாணிற் கோக்கப்படுகின்றது. பிள்ளை படுக்கும் இடத்திலே இரும்புத் துண்டொன்று கிடக்கும். வாசலிலே யாரோ தகடு புதைத்துவிட்டனர் என்ற ஐயம் எழுந்தால் அதனை ‘எடுப்பதற்கு’ ஒருவர் வருவார். செப்புத் தகடும் எலுமிச்சையும் மயிர்க்கற்றையும் மண்ணிலிருந்து வெளிப்படும். இறந்தவரின் நெற்றியிலே காசு, வாயிலே அரிசி. மலையகத் தோட்டங்களில் இறந்தோர் பெரும்பாலும் புதைக்கப்படுவர். புதைகுழிகள் தேயிலை மலைகளுக்கு நடுவே. எனவே இப்பொருட்களிற் சில, எரிந்து போகாமல், மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. தொல்லியல் மாணவர் எவருக்கும் இது பொருளற்ற செய்தியாதல் இயலாது.

இவையெல்லாம் ஆய்வுக்குரியனவா என வினவுவோர், பிரித்தானியாவிலே றீடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொல்லியலாளர் றொபேட்டா கில்கிறிஸ்ற் 2008இல் வெளியிட்ட ஆய்வொன்றைக் கவனித்தல் நன்று. பதினோராம் நூற்றாண்டு முதல் பதினைந்தாம் நூற்றாண்டு வரையிலான பிரித்தானியக் கிறித்தவப் புதைகுழிகளிலே கிடைத்த சின்னஞ்சிறு பொருட்களையே அவர் ஆராய்ந்தார். ஈயச் சிலுவை, பாப்பரசரின் ஈய முத்திரை, வெண்கூழாங்கல், மரக்கோல், அக்காலத்திலேயே பழையதாகிவிட்ட உரோம நாணயம் ஆகியன அவை. கிறித்தவ அடக்கத்தில் பொருள் வைக்கும் வழக்கமில்லை என்ற முன்முடிவுடன் நோக்குவோர்க்கு இவை தற்செயலாக விழுந்த துகள்கள். கில்கிறிஸ்ற்றோ, பொருள் உடலின் எப்பாகத்திற் கிடந்தது, குழந்தையின் குழியிலா முதியவரின் குழியிலா, எவ்வகைப் பொருள் என்றெல்லாம் பொறுமையுடன் வகைப்படுத்தினார். நோய் தீர்க்கும் காப்புப் பொருட்கள், இயற்கையிலேயே மறைவலி உடையனவாகக் கருதப்பட்டவை, பழமையினால் வலிமை பெற்றவை, மிக அரிதாகத் தீய மந்திரத்தோடு தொடர்புடையனவாகத் தோன்றுபவை என நால்வகைப் பாகுபாட்டை அவர் நிறுவினார். அவ்வாய்வின் முடிபே இங்கு முக்கியமானது. அப்பொருட்களை வைத்தவர்கள் திருச்சபைக்கு எதிரானவர்களல்லர். தம் குடும்பத்தைப் பேணிய பெண்களே அவற்றோடு பெரிதும் தொடர்புடையோர். உள்ளூர்க் குருமாரும் அதனைப் பொறுத்துக்கொண்டனர். இறந்தோரின் உடல் தீர்ப்பு நாளிலே முழுமையுடன் எழவேண்டும், இடைவழியில் அவர்க்குத் தீங்கு நேரலாகாது என்ற கவலையின் எச்சங்களாகவே அவற்றை அவர் கண்டார்.

கூழாங்கல் ஒன்றிலிருந்து பெயரறியாத் தாயொருத்தியின் கவலையை மீட்டெடுக்க முடியுமாயின், மலையகத்துத் தாயத்திலிருந்து எத்துணை மீட்கலாம்! அங்கு தொல்லியலாளர் ஐந்நூறு ஆண்டுகளுக்கு அப்பாலிருந்து ஊகிக்கவேண்டியிருந்தது. இங்கு அதனைக் கட்டிய கைகள் உயிரோடிருக்கின்றன. கேட்டால் சொல்வார்கள். கேட்பாரில்லை.

இலண்டன் அரும்பொருளகத்தில் பணியாற்றிய றால்ஃப் மெரிஃபீல்ட் 1987இலேயே சடங்கினதும் மந்திரத்தினதும் தொல்லியல் பற்றி ஒரு நூல் எழுதி, வீட்டுச் சுவரில் ஒளித்துவைத்த பழஞ்சப்பாத்துகளும், வாயிற்படியின் கீழே ஊசியும் மயிரும் இட்டுப் புதைத்த போத்தல்களும் வெறுங் குப்பையல்ல என வாதிட வேண்டியிருந்தது. மேலைத்தேயத் தொல்லியலாளரும் இத்துறைக்குத் தயங்கித்தான் வந்தனர் என்பதை இது உணர்த்தும். ஆகவே இங்குள்ளோர் தாமதித்ததற்காக வெட்கமடைய வேண்டியதில்லை. இன்னும் தொடங்காதிருப்பதே வெட்கத்துக்குரியது. வாயிற்படிப் போத்தலுக்கும் லயத்து வாசலிற் புதைக்கப்பட்ட தகட்டுக்கும் இடையிலுள்ள ஒற்றுமை, ஒப்பியலாய்வுக்கு எவ்வளவு வளமான களம்!

இவ்விடத்திலே மூன்று திசைகளிலிருந்து எதிர்ப்பு எழும்.

முதலாவது எதிர்ப்பு முற்போக்குச் சிந்தனையாளருடையது. மந்திரமும் தாயத்தும் தொழிலாளரின் விழிப்பை மழுங்கச் செய்வன. பாதுகாப்புக் கவசம் கேட்டுப் போராட வேண்டியவன் சேவல் அறுத்துத் திருப்தி கொள்கிறான். துரையும் பூசைக்கு வந்து முதல் மரியாதை பெற்றுச் செல்கிறார். கோயிற் சந்தா சம்பளத்திலேயே கழிக்கப்படுகின்றது என்பர். இவற்றுள் ஒன்றேனும் பொய்யன்று. தகடு எடுப்பவர் வறியவரின் மாதச் சம்பளத்தை விழுங்குவதும், காய்ச்சலுக்கு வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய பிள்ளை மந்திரித்த நூலோடு கிடப்பதும் கண்டிக்கத்தக்கனவே. மந்திரம் பலிப்பதில்லை. ரோதைமுனி எந்தக் கையையும் காத்ததில்லை. ஆயினும் இவ்வுண்மையிலிருந்து, அந்தக் கல் ஆய்வுக்குரியதன்று என்ற முடிபு எங்ஙனம் பிறக்கும்? பலியாதது என்பதற்காக வரலாற்றிலிருந்து நீக்குவதாயின், மழை வேண்டி எழுந்த கோயில்களும், வெற்றி வேண்டி வெட்டப்பட்ட சாசனங்களும் முதலில் நீக்கப்படவேண்டும்.

மலினோவ்ஸ்கி துரோபிரியண்ட் தீவுகளில் ஆய்வு செய்தபோது, ஆபத்தற்ற உட்கடலில் மீன்பிடிப்போர் மந்திரத்தை நாடாமையையும், உயிருக்கு உறுதியற்ற புறக்கடலுக்குச் செல்வோர் விரிவான மந்திரச் சடங்குகளை நிகழ்த்தியமையையும் கண்டார். இலங்கைத் தமிழ்த் திறனாய்வின் இருபெரும் தூண்களாகிய கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்காமில் யாரிடம் ஆய்வு செய்தனரோ, அந்த ஜோர்ஜ் தொம்சன் மந்திரத்தைச் சிரித்து ஒதுக்கவில்லை. மெய்யான உற்பத்தித் திறனின் குறையை நிரப்ப எழுந்த மாயத் திறனாக அதனைக் கண்டு, கிரேக்க நாடகத்தின் வேர்களையே சடங்கிற் தேடினார். தமிழகத்திலே நா. வானமாமலையும் அவர் வழிவந்த ஆ. சிவசுப்பிரமணியன் போன்றோரும் மந்திரத்தையும் சடங்கையும் பொருள்முதல்வாத நோக்கிலேயே ஆராய்ந்தனர். மார்க்சிய மரபின் பெயரால் ரோதைமுனியைக் கேலி செய்வோர் அம்மரபைச் சரிவரக் கற்கவில்லை என்றே கூறவேண்டும். சடங்கு எங்கே அடர்ந்துள்ளதோ அங்கே ஆபத்தும் அடர்ந்திருந்தது. தோட்டத்து வரைபடமொன்றில் இச்சாமிகளின் இருப்பிடங்களைக் குறித்தால், தொழிற்சாலை, வழுக்குப் பாறை, பாலமில்லா ஆறு, பிள்ளைகள் இறந்த லயம் எனத் தொழிலாளரின் அச்சத்தின் படம் ஒன்று தோன்றக்கூடும். துரையின் பதிவேட்டில் விபத்து நிகழ்ந்த பின்னரே அதற்கு இடமுண்டு. விபத்து நிகழுமோ என்று நாள்தோறும் நடுங்கியதற்கு அங்கே பத்தியில்லை.

இரண்டாவது எதிர்ப்பு கோயில் நிருவாகத்தாருடையது. அது வாதமாக வருவதில்லை, சீமெந்தாக வருகின்றது. மரத்தடிச் சாமிக்குக் கட்டடம் எழும், கட்டடத்துக்கு விமானம், விமானத்துக்குக் குடமுழுக்கு. முனியாண்டி முனீஸ்வரராகிறார், பின்னர் சிவனின் அம்சமாகிறார். பழைய கல் புதுச்சிலைக்கு வழிவிட்டு ஆற்றுக்கோ அத்திவாரத்துக்கோ செல்லும். சேவலின் இடத்தைப் பூசணிக்காய் பெறுகின்றது. இம்மாற்றத்தை விரும்பும் உரிமை அம்மக்களுக்கு உண்டு. ‘காட்டுச்சாமி கும்பிடுவோர்’ என இகழப்பட்டவர்கள் கோபுரத்தை நாடுவதன் நியாயத்தை, நகரத்து ஆலயங்களில் கால்நீட்டி அமர்ந்திருப்போர் விமரிசிக்கலாகாது. கேள்வி வேறு. பழைய கல் அகற்றப்படுமுன் அதனை அளந்து, வரைந்து, அதன் கதையைக் கேட்டெழுதியவர் யார்?

இதிலுள்ள வேடிக்கை யாதெனில், புதுச்சிலையின் பீடத்தின் கீழே அட்டபந்தனத்துக்கு முன் வைக்கப்படுவதும் எழுத்துப் பொறித்த ஒரு யந்திரத் தகடே. அனுராதபுரத்திலும் பொலனறுவையிலும் புத்தர் படிமங்களுக்கும் தாதுகோபங்களுக்கும் கீழே ஒன்பது அல்லது இருபத்தைந்து குழிகள் கொண்ட ‘யந்திரகல’ வைக்கப்பட்டு, அக்குழிகளில் மணிகளும் உலோக உருவங்களும் இடப்பட்டன. அக்கற்கள் இன்று அரும்பொருளகங்களில் கண்காட்சிப் பொருட்கள். அவை பற்றிக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. பீடத்தின் கீழே அந்தணர் வைத்தால் ஆகமம். விகாரையின் கீழே மன்னர் வைத்தால் தொல்பொருள். லயத்து வாசலின் கீழே கூலிக்காரர் வைத்தால் சூனியம். செம்பு ஒன்றே, வைத்த கையே வேறு.

மூன்றாவது எதிர்ப்பு பல்கலைக்கழகத்துக்குள்ளிருந்தே வருவது. மத்திய காலத்தை ஆய்வோருக்குச் சாசனங்களே போதுமானவை; மலைநாட்டில் ஆய்வுக்குரிய தமிழ்ச் சான்று வேண்டுமாயின் பதினான்காம் நூற்றாண்டின் கம்பளை அரசு இருக்கின்றது, கடலாதெனியாவை அமைத்த கணேஸ்வராசாரி இருக்கின்றார்; தோட்டத்துத் தாயத்துக்கு என்ன அவசரம் என்பது அவர்தம் நிலைப்பாடு. கணேஸ்வராசாரியைப் போற்றுவது தகும். ஆனால் அதே மலைகளில் அவருக்குப் பின் வந்த இலட்சக்கணக்கான தமிழரின் கைப்பொருள் ஆய்வுக்கு அப்பாற்பட்டது எனின், அங்கு ஆராயப்படுவது தமிழர் வரலாறா, அரசவை வரலாறா? 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் ஒரு பெருங்கற்காலப் புதைகுழியிற் கண்டெடுத்த சிறு முத்திரையைப் பற்றி எழுதப்பட்டுள்ளவை ஒரு நூலகத் தட்டை நிரப்பும். அதுவும் இறந்தவரோடு வைக்கப்பட்ட பொருளே. செங்கம் நடுகற்களை இரா. நாகசாமி தலைமையிலான தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 1972இல் நூலாக்கியபோது, ஆநிரை மீட்டு மாண்ட சிற்றூர் மறவரும் வரலாற்றுள் நுழைந்தனர். பல்லவர் காலத்து வீரனின் கல்லுக்குக் கிடைத்த கவனம், ரோதையில் சிக்கி மாண்டவனின் பெயரால் விளக்கேற்றப்படும் கல்லுக்குக் கிடைக்கலாகாதா?

தென்னிலங்கைச் சிங்கள மக்களின் பேயோட்டும் சடங்குகளை நோக்கின் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். போல் விர்ஸ் 1954இலும், புரூஸ் கப்ஃபெரர் 1983இலும் அவை பற்றி நூல்கள் எழுதினர். பேராதனையில் கற்பித்த கணநாத் ஒபயசேகர பத்தினி வழிபாடு பற்றி 1984இல் எழுதிய பெருநூல் உலகப்புகழ் பெற்றது. அம்பலாங்கொடை முகமூடிகள் ஐரோப்பிய அரும்பொருளகங்கள் வரை சென்றன. மலையகத்தின் சாதியமைப்பு, தொழிலுறவு, இனத்துவம் பற்றி வெளிநாட்டவர் சிலர் நல்ல நூல்களைத் தந்தனர். சடங்கைத் தொட்டும் சென்றனர். சடங்கின் பொருட்களையே மையமாக்கி, கல்லையும் தகட்டையும் கத்தியையும் வரிசைப்படுத்திய ஆய்வுக்கே பஞ்சம்.

மலையகத்தவர் தாமே தேடித் தொகுத்தவற்றையும் இங்கு கூறாதுவிடல் அநீதியாகும். சி. வி. வேலுப்பிள்ளையின் மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983இல் வெளிவந்தது. சாரல்நாடன் 1993இல் மலையக வாய்மொழி இலக்கியத்தை ஆராய்ந்தார். மாத்தளை வடிவேலன் மாரியம்மன் வழிபாட்டை எழுதினார். இவர்கள் பட்டம் தேடி எழுதியவர்களல்லர்; இவர்களின்றேல் இன்று பேசுவதற்கே ஒன்றுமிராது. ஆயினும் இம்முயற்சிகள் பெரிதும் சொல்லைத் தொகுத்தன. தாலாட்டு அச்சேறிற்று, தாலாட்டுக் கேட்ட குழந்தையின் அரையிற் கிடந்த தாயத்து அச்சேறவில்லை. காமன் கூத்தின் பாடல்கள் ஏட்டிலே தங்கின. மாசி மாதத்திலே ஊன்றப்படும் காமன் கம்பத்தில் என்னென்ன கட்டப்படுகின்றன, எரித்த பின் சாம்பலை யார் எடுத்துச் செல்கின்றனர் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் வேறுபட்டு, எழுதப்படாமலே கரைகின்றன. தமிழ்த்துறையாளர் சொல்லைத் தேடுவர், பொருளைத் தேடுவது தொல்லியலாளர் கடன். தொல்லியலாளரோ 1815க்கு இப்பால் வருவதில்லை. இவ்விரு துறைகளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்திலே மலையகத்தின் பொருட்பண்பாடு விழுந்து கிடக்கின்றது.

ஒரே கழுத்தில் தொங்கிய இரு உலோகங்களை எண்ணிப்பார்ப்பது இவ்விடத்திற் பயன்தரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளருக்குத் தோட்டத்தின் அடையாளமும் இலக்கமும் பொறித்த தகர வில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. அதைக் காட்டியவர் வழிநெடுகக் கொண்டுசெல்லப்பட்டு, அதற்குரிய தோட்டத்தில் ஒப்படைக்கப்பட்டார். வழிச்செலவோ கடனாக எழுதப்பட்டது. அத்தகரத்தின் அருகே அவ்வுடலிலேயே ஊர்ப் பூசாரி கட்டிய தாயத்தும் இருந்திருக்கும். ஒன்று பொறித்த எழுத்தின் வலிமையால் பேயை விலக்கும் என நம்பப்பட்டது. மற்றையது பொறித்த எழுத்தின் வலிமையால் ஒரு மனிதரை ஒரு தோட்டத்தோடு பிணித்தது. வாசிக்கத் தெரியாதவருக்கு இரண்டு எழுத்தும் ஒரே தன்மையன. இரண்டாவது பலித்தது என்பதே வேறுபாடு. தகர வில்லையை நிருவாக வரலாற்றின் ஆவணமென்றும் தாயத்தை அறியாமையின் அடையாளமென்றும் பிரிக்கும் ஆய்வாளர், அவ்விரண்டையும் அணிந்தவரின் பக்கத்தில் நின்று ஒருபோதும் நோக்கியவரல்லர்.

அரும்பொருளகங்கள் இரண்டைக் குறிப்பிடலாம். கண்டி அந்தானையில் பழைய தொழிற்சாலையொன்றிலே 2001இல் திறக்கப்பட்ட தேயிலை அரும்பொருளகத்தின் பெருமை அதன் இயந்திரங்களும் ஜேம்ஸ் ரெயிலரின் நினைவுப் பொருட்களுமே. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரிலே தேயிலை நட்டவரை நினைப்பதில் தவறில்லை. கம்பளைக்கு அண்மையில் பழைய பீக்கொக் தோட்டத்து லயத்திலே 2007இல் தொழிலாளருக்கென ஓர் அரும்பொருளகம் எழுந்தது. அரசோ பல்கலைக்கழகமோ செய்யாததை அங்கே தன்னார்வலர் செய்தனர். முன்னையதில் ரோதையைக் காணலாம். ரோதையையும் அதன் முனியையும் ஒரே கூரையின் கீழ், ஒன்றுக்கொன்று விளக்கமாக வைக்கும் காட்சிக்கூடமே இனி வேண்டுவது.

தொல்லியல் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழர் பலர் அஞ்சுவதற்குக் காரணம் உண்டென்பதும் மறைக்கற்பாலதன்று. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் முகாமைத்துவத்துக்கென சனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது, அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை. அளவுநாடாவின் பின்னே வேலிக்கம்பி வரும் என்பது வடக்கு, கிழக்கு மக்களின் அச்சம். மலையகத்தவருக்கோ வேலியிட்டுப் பறிப்பதற்கே நிலமில்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964இல் இரு பிரதமர்கள் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டனர். எஞ்சிய 150,000 பேர் பின்னர் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டனர். தலைமுறைகள் ஆறேழு வாழ்ந்த லயத்துக்கும் பெரும்பாலோரிடம் உறுதியில்லை. அம்மலைகளில் அவர்கள் வாழ்ந்தமைக்குத் தோட்டக் கம்பனியின் ஏட்டுக்கு வெளியே உள்ள சான்று, அவர்கள் நட்ட கல்லும் புதைத்த உடலும் புதைத்த உடலோடு வைத்த பொருளுமே. இத்தகைய மக்கள் தொல்லியலைக் கண்டு ஒதுங்குவது, தம் சாட்சியைத் தாமே நீதிமன்றத்திலிருந்து வெளியே அனுப்புவதாகும்.

காலமும் குறுகுகின்றது. லயங்கள் இடிந்து தனிவீடுகள் எழுகின்றன, அது வரவேற்கத்தக்கது. தொழிற்சாலைகள் மூடப்படுகின்றன, இரும்பு நிறுத்து விற்கப்படுகின்றது, ரோதை போனபின் முனிக்கு வேலையில்லை. இளைஞர் கொழும்புக்குச் செல்கின்றனர். எந்த மரத்தடியில் எந்தச் சாமி என்பதை அறிந்தோர் முதியோரே. மஸ்கெலியாவின் பழைய நகரம் 1960களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துள் மூழ்கியது. வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போதெல்லாம் அங்கிருந்த சைவக் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளிப்பட, வேடிக்கை பார்க்கக் கூட்டம் திரளுகின்றது; நாளிதழ்கள் படம் வெளியிடுகின்றன. சில கிழமைகளில் மழை வரும், நீர் மூடும். தொல்லியல் துறையின் மாணவர் குழுவொன்று ஒருமுறையேனும் அச்சேற்றில் இறங்கி, பீடங்களின் கீழே எஞ்சியிருப்பதைப் பதிவு செய்தல் பெருஞ்செலவுக்குரிய காரியமன்று.

கலைப்பீடத்திலே மலையகத் தோட்டங்களிலிருந்து வந்த மாணவர் இன்று கணிசமாக உள்ளனர். விடுமுறைக்கு வீடு செல்லும் ஒருவர் தம் தோட்டத்து எல்லைக்குள் உள்ள கற்களையும் மரங்களையும் ஒரு வாரத்தில் நடந்து குறித்துவிட முடியும். கல்லின் உயரம், அகலம், திசை, அருகிலுள்ள வேலைத்தலம், அதற்குரிய பெயர், பூசை நாள், படையல், அதனை நட்டவராகச் சொல்லப்படுபவர், இப்போது பேணுபவர் ஆகியவற்றை எழுதினாற் போதும். பொருளை எடுத்துவருதல் கூடாது. அது அம்மக்களுடையது, வணக்கத்திலுள்ளது. பெண்களிடம் தனியே கேட்கவேண்டும். கோயில் நிருவாகத்தில் அவர்கள் பெயர் இராது, ஆனால் தாயத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் அவர்களே. இவ்வாறு நூறு தோட்டங்களின் குறிப்பேடுகள் சேர்ந்தால், இளமாணி ஆய்வேடுகள் பத்துக்கும் ஒரு முதுமாணி ஆய்வேட்டுக்கும் அவை தாராளமாய்ப் போதும். அவற்றை மேற்பார்வை செய்ய முன்வரும் விரிவுரையாளர் ஒருவரே இனித் தேவை.